ஏகமனதாக

இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் பயன்பாட்டுத் தமிழ் என்றொரு தாள் உண்டு. விண்ணப்பம், அறிக்கை, அலுவல் கடிதம், கூட்டத் தீர்மானம் ஆகியவற்றை எழுதும் முறையைக் கற்பிக்க வேண்டும். சங்க இலக்கியமும் இலக்கணமும் நடத்துகிறவர்கள் இத்தாளைச் சற்று இளக்காரமாகவே பார்ப்பார்கள். எனக்கு அந்த இளக்காரம் இல்லை. மாணவர்களில் பெரும்பாலோர் பிற்காலத்தில் எழுதப்போகும் தமிழ் இதுவாகத்தான் இருக்கும் என்பதால் கவனமாகவே நடத்துவேன்.

சென்ற பருவத்தில் ஒருநாள் தீர்மானம் எழுதும் முறையைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். கூட்டம் நடந்த நாள், இடம், தலைமை வகித்தவர், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், இறுதியில் ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்ற முடிப்பு. ‘ஏகமனதாக’ என்பதற்குப் பதில் ‘ஒருமனதாக’ என்று எழுதுவது நல்ல தமிழ் என்றும் சொல்லி வைத்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“ஐயா, ஒருத்தர் மட்டும் ஒத்துக்கலைன்னா அதை எங்கே எழுதறது?”

“பெரும்பான்மையோர் ஆதரவுடன் நிறைவேறியது என்று எழுதலாம்.”

“அது முடிவுங்க ஐயா. அவங்க என்ன சொன்னாங்கன்னு எழுத வேண்டாமா?”

மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்பில் பார்க்கலாம் என்று சொல்லி இறங்கிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு பேருந்தில் ஏறி வீடுவரை வந்தது. அன்றிரவு பரணிலிருந்து ஒரு பழைய குயர் நோட்டை இறக்கினேன். அதில் என் கையெழுத்தில் ‘ஏகமனதாக’ என்ற சொல் எத்தனை இடங்களில் இருக்கிறது என்று எண்ணத் தொடங்கி, பத்தைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன்.

*

எங்கள் ஊர் கொல்லிமலையின் மேற்கு அடிவாரத்தில், சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளி போகும் பாதையிலிருந்து சற்று விலகி இருக்கிறது. காரவள்ளியில்தான் எழுபது கொண்டையூசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை தொடங்குகிறது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் மலை தெரியாது, மலையின் சரிவுதான் தெரியும். அதற்கும் முன்னால், ஊரை ஒட்டி, ஒரு கரடு. உசிலையும் காரையும் சூரையும் ஆவாரையும் முளைத்த பாறைக் கரடு. மலைச்சரிவோடு சேர்த்து அதுவும் அரசின் காப்புக்காடு. ஊரில் அதை ‘ரிசர்வு’ என்பார்கள்.

என் இளமையில் அந்தக் கரடு மொட்டையாகத்தான் இருந்தது. அதில் எங்கள் ஊர் வெள்ளாடுகள் மேய்ந்தன. எங்கள் ஊர் அடுப்புகளின் விறகு அங்கிருந்து வந்தது. மழைக்காலத்தில் கரட்டிலிருந்து இறங்கும் வெள்ளம் செந்நிறமாகப் பாய்ந்து இரண்டு நாளில் வடிந்துவிடும். எங்கள் கிணற்றில் சித்திரை பிறக்குமுன் தரை தெரியும்.

1999ஆம் ஆண்டு. நான் சேலத்தில் முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டத்தின் கீழ் ஊரில் கிராம வனக்குழு அமைந்தது. ஜப்பானியக் கடனுதவியோடு 1997இல் தொடங்கிய திட்டம் அது. சீரழிந்த காடுகளை, அவற்றை ஒட்டி வாழும் மக்களோடு சேர்ந்து வனத்துறை மீட்பது என்பது அதன் நோக்கம். வீட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண் பொதுக்குழு உறுப்பினர்கள். அவர்களிலிருந்து ஒரு செயற்குழு, ஒரு தலைவர். எங்கள் ஊர்க் குழுவுக்கு என் மாமாவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அம்மாவின் தம்பி. எங்கள் காட்டுக்கு அடுத்த காடு அவருடையது (எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தையும் காடு என்றே சொல்வோம், மரமடர்ந்த காட்டை ‘வனம்’ என்று சொல்லிப் பிரித்துக்கொள்வோம்).

“நீ தமிழு படிக்கறவன். மினிட் நோட்டு நீ எழுதிக் குடு மாப்ளே” என்றார் மாமா. எனக்குப் பெருமையாக இருந்தது. முதலில் குயர் நோட்டில் எழுதித் திருத்தி, பிறகு தீர்மானப் புத்தகத்தில் படியெடுப்பேன். புத்தகம் அலுவலகத்துக்குப் போய்விட்டது. குயர் நோட்டு என்னிடம் தங்கிவிட்டது.

மூன்றாவது கூட்டம் மாரியம்மன் கோயில் திடலில் நடந்தது. அன்று எழுதிய தீர்மானம் இது: ‘கரட்டுச் சரிவில் நடப்படும் கன்றுகள் வேரூன்றும்வரை, மூன்றாண்டுக் காலத்துக்கு அப்பகுதி முழுவதிலும் ஆடுமாடு மேய்ப்பதை அறவே தவிர்ப்பதென்றும், மீறுவோரிடம் குழு நிர்ணயிக்கும் தண்டத்தொகையை வசூலிப்பதென்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’

தமிழில் பிழையில்லை. ‘அறவே’ என்ற சொல்லை நான்தான் சேர்த்தேன். முதல் வரைவில் அது இல்லை. இரண்டு வரிகளுக்கு இடையில் பொடி எழுத்தில் நுழைத்திருக்கிறேன்.

அன்று திடலின் ஓரத்தில், வேம்பின் வேரில் ஓர் ஆயா உட்கார்ந்திருந்தார். பதினான்கு வெள்ளாடு வைத்திருந்தவர். எல்லாம் சேலம் கருப்பு. உயரமான, கறுத்த, மெலிந்த ஆடுகள். நிலம் இல்லை. கணவர் இல்லை. ஒரு மகள். விதியின்படி வீட்டுக்கொரு பெண் உறுப்பினர் என்ற கணக்கில் வந்திருந்தார். தீர்மானம் வாசிக்கப்பட்டபோது எழுந்து நின்று பேசினார்.

“ஏனுங்க சாமி, கரடு ஒண்ணுதான், அதுக்குப் பக்கட்டு ரெண்டு இருக்குதுல்லீங்க. இந்த வருசம் கெழக்கால நீங்க நட்டுக்கங்க. மேக்கால நாங்க மேச்சுக்கறோம். செடி ஆடு எட்டாத ஒசரம் வளந்ததும் மாத்திக்கலாம். மழைக்குத் துளுக்கற மாசத்துல நாங்களே அந்தப் பக்கட்டு ஆட்டை ஓட்ட மாட்டமுங்க.”

யாரோ சிரித்தார்கள். “சரி ஆயா, அதை அப்பறம் பேசிக்கலாம்” என்றார் மாமா. வந்திருந்த வனவர் கெட்டவர் அல்லர். ஆயா சொல்வதைத் தலையசைத்துக் கேட்டார். ஆனால் கரடு முழுவதையும் மூடுவதாகத்தான் ஊர்ப் பெரியவர்களோடு பேசி முடித்திருந்தார்கள். அப்பெரியவர்களில் என் தந்தையும் ஒருவர். ஆயா மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். நான் மைப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். “எங்க வெக்கோணும் கண்ணு?” என்று கேட்டார். நான் இடத்தைக் காட்டினேன். பெருவிரலைப் பதித்தார்.

அவர் சொன்னதில் ஒரு வரிகூட என் நோட்டில் இல்லை.

*

ஆடும் காடும் பகை என்பது எங்கள் ஊரில் பிறந்த எண்ணமல்ல. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அதில் ஆடு சற்றுப் பின்னால் வந்து சேர்ந்த குற்றவாளி.

1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர், சேலத்துக் கஞ்சமலையின் இரும்புத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். நிலக்கரி கிடையாது. மரக்கரிதான். ஒரு பங்கு இரும்பை உருக்கப் பல பங்கு மரம் கரியாக வேண்டும். அந்த ஆலை நலிந்து மூடப்பட்டதற்குச் சொல்லப்படும் காரணங்களில் கரி கிடைக்காமற்போனதும் ஒன்று. பிறகு 1860களில் சேலம் வழியாக இருப்புப்பாதை போடப்பட்டது. அன்றைய சென்னை இரயில் வண்டிகள் விறகை எரித்து ஓடின. தண்டவாளத்துக்குக் கட்டையும் மரமே. இவ்வளவும் தீர்ந்த பிறகு, 1882இல் சென்னை வனச்சட்டம் வந்தது. காப்புக்காடுகளுக்கு எல்லைக் கற்கள் நடப்பட்டன. கற்களுக்கு அப்பால் மேய்ந்த ஆடு அன்றுமுதல் குற்றவாளியாயிற்று.

இதற்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. மேய்ச்சலும் விறகும் பற்றிய குடியானவர்களின் முறையீடுகள் பெருகியதால் 1913இல் மாகாண அரசு ஒரு வனக்குழுவை அமைத்து ஊர் ஊராகக் கருத்துக் கேட்டது. அதன் பரிந்துரையின் பேரில், ஊர்களை ஒட்டிய மேய்ச்சல் காடுகள் சிலவற்றை ஊராரே நிர்வகிக்கும் காட்டுப் பஞ்சாயத்துகள் தோன்றின. மக்களோடு சேர்ந்து காட்டைக் காப்பது என்பது ஏதோ அண்மையில் வெளிநாட்டிலிருந்து இறங்கிய கருத்து என்று நினைப்பவர்கள் இதை நினைவிற்கொள்ள வேண்டும். நம் மாகாணத்திலேயே அது நூறாண்டைக் கடந்த செய்தி. நாம் அதை மறந்து, மறுபடியும் கற்றோம்.

மறுபடியும் கற்றது மேற்கு வங்கத்தில். 1971-72இல் மிதுனாப்பூர் மாவட்டத்து அராபாரியில் அஜித் குமார் பானர்ஜி என்ற வன அதிகாரி, குச்சிகளாக நின்ற சால் மரக்காட்டைக் காக்கும் பொறுப்பைச் சுற்றியுள்ள 11 ஊர்களின் மக்களிடம் ஒப்படைத்தார். வேலைவாய்ப்பும், பிற்காலத்தில் மர விற்பனையில் கால்பங்கும் அவர்களுக்கு உண்டு என்பது ஒப்பந்தம். காடு எழுந்தது. 1988இன் தேசிய வனக்கொள்கை, காட்டை ஒட்டி வாழ்வோரின் தேவைகளை முதன்மையானவை என்று ஏற்றுக்கொண்டது. 1990 ஜூன் முதல் நாள் மைய அரசின் சுற்றறிக்கை, கூட்டு வன மேலாண்மையை எல்லா மாநிலங்களுக்கும் பரிந்துரைத்தது. அந்தக் கிளையின் ஒரு நுனிதான் 1999இல் எங்கள் மாரியம்மன் கோயில் திடலை எட்டியது.

*

திட்டம் தோற்றது என்று எழுதினால் அது பொய். இக்கட்டுரையை எழுதத் தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கரட்டில் வேம்பும் புங்கனும் நெல்லியும் சவுண்டலும் நட்டார்கள். நட்டவற்றில் பல பட்டுப்போயின. ஆனால் நடாதவை எழுந்தன. ஆடு கடிக்காததால் உசிலையின் பழைய வேர்க்கட்டைகள் துளிர்த்து ஆளுயரம் வந்தன. காரையும் சூரையும் புதராயின. சரிவில் குறுக்குக் குழிகள் எடுத்தார்கள். ஓடையில் தடுப்பணைகள் கட்டினார்கள். அடியில் ஒரு கசிவுநீர்க் குட்டை வெட்டினார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல ஓடையின் செந்நிறம் குறைந்தது. 2005ஆம் ஆண்டின் பெருமழையில் குட்டை நிரம்பி வழிந்தது. அடுத்த சித்திரையில் எங்கள் கிணற்றில் நாலு ஆள் தண்ணீர் நின்றது. அப்பா கிணற்றுமேட்டில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் மரவள்ளிக்கு ஊடே வாழை வைத்தோம். மாமா தென்னை வைத்தார். நான் முனைவர் பட்டத்துக்குப் படித்த ஆண்டுகளில் எனக்கு வந்த பணம் அந்தக் கிணற்றிலிருந்து வந்தது. இதைச் சொல்லாமல் மேலே எழுதுவது முறையல்ல.

ஆயா ஆடுகளை நாமக்கல் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றார். எல்லோரும் ஒரே சமயத்தில் விற்றதால் விலை இல்லை. குழுவின் மூலம் கறவை மாடு வாங்கக் கடன் கிடைத்தது. ஆட்டுக்குப் பதில் மாடு என்பது கேட்பதற்கு நல்ல யோசனை. ஆனால் ஆடு கரட்டில் தானே தேடித் தின்னும். கலப்பினப் பசுவுக்குப் பசுந்தீவனம் அறுத்துப்போட வேண்டும். தீவனத்துக்குத் தண்ணீர் பாயும் நிலம் வேண்டும். நிலம் வைத்திருந்தவர்கள் வீட்டில் மாடு பால் கொடுத்தது. ஆயா வீட்டில் மாடு எலும்பாகி, ஓராண்டில் விலைபோயிற்று. கடன் நின்றது. மகள் கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கும் வேலைக்குப் போனாள். ஆயா, பருவத்தில் சேகோ ஆலைக்குக் கிழங்கு உரிக்கப் போனார். சில நாள்களில் அது எங்கள் காட்டிலிருந்து போன கிழங்காகவும் இருந்திருக்கும்.

காடு தந்த நன்மை நிலத்துக்கடியில் கசிந்து கிணறு உள்ளவனைச் சேர்ந்தது. காட்டுக்காகக் கொடுத்த விலை ஆடு உள்ளவளிடமிருந்து வந்தது. இருவரும் ஒரே தாளில் ஒப்பமிட்டிருந்தோம்.

*

அரியானாவில் சண்டிகருக்கு அருகே சுகோமாஜ்ரி என்ற சிற்றூர். சண்டிகரின் சுக்னா ஏரி வண்டலால் தூர்ந்துகொண்டே வந்தது. வண்டல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனவர்கள், சிவாலிக் மலையடிவாரத்தில் ஆடுகள் மேய்ந்து மொட்டையான சரிவுகளைக் கண்டார்கள். மண்வளப் பாதுகாப்பு ஆய்வு மையத்தைச் சேர்ந்த பி.ஆர்.மிஸ்ரா என்பவர் 1970களில் அவ்வூராரோடு உழைத்தார். 1976 முதல் சிறு மண்ணணைகள் கட்டப்பட்டன. மேய்ச்சலை நிறுத்துமாறு ஊராரிடம் கேட்டபோது, அணைநீர் நிலத்துக்காரர்களுக்குத்தானே, நாங்கள் ஏன் நிறுத்த வேண்டும் என்ற கேள்வி நிலமில்லாதவர்களிடமிருந்து வந்தது.

எங்கள் ஆயா கேட்டதைவிடக் கடினமான கேள்வி. அங்கே அது ஒதுக்கப்படவில்லை. நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அணைநீரில் சமபங்கு என்று விதி செய்தார்கள். நிலமில்லாதவர் தம் பங்கை நிலமுள்ளவருக்கு விற்கலாம். அல்லது அவர் நிலத்தை வாரத்துக்கு எடுத்துப் பயிரிடலாம். அதன் பிறகு காட்டுக்குக் கம்பிவேலி தேவைப்படவில்லை. இதைச் சமூகவேலி என்று அழைத்தார்கள். மலையில் வளர்ந்த, கயிறும் காகிதமும் செய்ய உதவும் ஒருவகைப் புல்லின் வருமானமும் ஊருக்கு வந்தது. பிற்காலத்தில் அங்கும் அணைகள் தூர்ந்தன, ஒழுங்கும் தளர்ந்தது. சுகோமாஜ்ரியை நான் சொர்க்கமாகக் காட்ட வரவில்லை. ஆடு மேய்ப்பவரின் ஆட்சேபம் அங்கே விதியின் ஒரு பகுதியாயிற்று. இங்கே அது காற்றோடு போயிற்று. இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லத்தான் இவ்வளவு தொலைவு போனேன்.

பொதுவளங்களை மக்கள் எவ்வாறு நெடுங்காலம் காத்துவந்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நீடித்த ஏற்பாடுகளின் பொதுக்கூறுகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்: விதியால் பாதிக்கப்படுவோர் அவ்விதியை மாற்றுவதில் பங்குபெற இயல வேண்டும். ஆயா கேட்டது அவ்வளவே. மேய்ச்சலைத் தடுக்காதே என்று அவர் கேட்கவில்லை. விதியைத் திருத்து என்றார். பாதி கரட்டை மூடி, பாதியைத் திறந்து, முறைமாற்றும் அந்த ஏற்பாட்டைச் சுழற்சி மேய்ச்சல் என்று நூல்கள் சொல்கின்றன. அதன் பெயர் ஆயாவுக்குத் தெரியாது. அதன் நுணுக்கம் எனக்குத் தெரியாது.

*

இலக்கியம் படித்தவன் என்பதால் இன்னொன்றும் தோன்றுகிறது. குறிஞ்சி, முல்லை, மருதம் என்று வகுப்பில் கட்டம் போட்டு நடத்துகிறோம். கருப்பொருள்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அப்படிக் கட்டமாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கொல்லிமலையும் மூன்று கட்டங்கள்தான். மேலே மலையாளி மக்களின் நாடுகள்: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு என்று பெயர்கொண்ட ஊர்க்கூட்டங்கள், அவர்களுடைய பட்டா நிலங்கள், கோயில் காடுகள். நடுவில், சரிவு முழுவதும் காப்புக்காடு. கீழே கிணறும் கிழங்குக் காடுமாக நாங்கள். மூன்றுக்கும் மூன்று பதிவேடுகள்.

ஆனால் மலை அப்படி இயங்குவதில்லை. கீழே சேகோ ஆலைகள் பெருகியபோது மேலே சாமையும் தினையும் விளைந்த நிலத்தில் மரவள்ளி ஏறியது. கிழங்கு பிடுங்கிய சரிவில் மழை பெய்தால் மண் கீழே இறங்கும். மலைமேல் சிறுதானியங்களை மீட்க எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள் முதல் அம்மக்களோடு உழைத்தது. விதை வங்கிகள் அமைத்தது. அது உணவைப் பற்றிய வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது எங்கள் ஓடையின் நிறத்தைப் பற்றிய வேலையும்கூட என்பது பின்னால்தான் விளங்கியது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பில் திரிந்தால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் சொல்லும் செய்தி. பாலைக்குத் தனி நிலம் இல்லை. அது பக்கத்து நிலங்களின் கேட்டில் பிறப்பது. ஒரு திணையின் கேடு அத்திணையோடு நிற்பதில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

எனவே, கூடிக் காத்தல் என்றால் ஒரு கரட்டைச் சுற்றி ஓர் ஊர் கூடுவது மட்டுமல்ல. மேலே கிழங்கு நடுபவர், நடுவில் காட்டைக் காப்பவர், கீழே தண்ணீர் இறைப்பவர், எங்கும் நிலமில்லாமல் எல்லா இடத்திலும் ஆடு மேய்ப்பவர் ஆகிய அனைவரும் ஒரு திடலில் உட்கார வேண்டும். எங்கள் குழுவின் எந்தக் கூட்டத்திலும் மலைமேலிருந்து ஒருவரும் இருந்ததில்லை. அழைக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை.

*

திட்டத்தின் முதற்கட்டம் 2005இல் முடிந்தது. இரண்டாம் கட்டம் வேறு ஊர்களுக்குப் போயிற்று. எங்கள் குழு அதன் பிறகு இரண்டு முறை கூடியதாக நோட்டில் இருக்கிறது. பிறகு வெற்றுத்தாள்கள். கூலி வேலை இருந்தவரை கூடினோம், அது நின்றதும் கலைந்தோம் என்பதே உண்மை. குழுவை நாங்கள் எங்களுடையதாக நினைத்ததில்லை. இப்போது கரட்டின் ஒரு பகுதி நல்ல காடாக நிற்கிறது. குட்டையைச் சுற்றிச் சீமைக்கருவேல் அடைத்திருக்கிறது. அதை வெட்டுவது யார் பொறுப்பு என்பது எவருக்கும் தெரியாது.

இதற்கிடையே, 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. மேய்ச்சலையும் ஒரு சமூக உரிமையாக அது ஏற்கிறது. ஆனால் பழங்குடியினர் அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். ஆயாவின் வீட்டில் எந்தக் காகிதம் இருந்திருக்கும்? 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, இரண்டு வாரங்களுக்குள் அத்தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றுக்கு மட்டும் எனச் சுருக்கியது. அச்செய்தியை நாளிதழில் படித்தபோதும் எனக்கு வேம்பின் வேரில் உட்கார்ந்திருந்தவர்தான் நினைவுக்கு வந்தார். ‘அறவே’ என்று எழுதுவது எளிது. பிறகு திருத்துவதற்கு ஒரு நீதிமன்றத்துக்கு இரண்டு வாரம் போதும். எனக்கு இருபத்தைந்து ஆண்டு ஆயிற்று.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். ஆயா இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மகள் இருக்கிறார்; என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். கோழிப்பண்ணை வேலையை முதுகுவலியால் விட்டுவிட்டார். வாசலில் எட்டு வெள்ளாடு கட்டியிருந்தன. ஏரிப்பக்கமும் சாலையோரமும் மேய்ப்பதாகச் சொன்னார். சுவரோரம் சவுண்டல் தழை கட்டுக்கட்டாகக் கிடந்தது. கரட்டிலிருந்து ஒடித்தவை. திட்டத்தில் நட்ட மரம். அதைப் பார்த்ததை நான் காட்டிக்கொள்ளவில்லை. அவரும் மறைக்கவில்லை.

நோட்டை எடுத்துத் தீர்மானத்தைப் படித்துக் காட்டினேன். ஏகமனதாக என்றால் என்ன என்று கேட்டார். எல்லாரும் ஒரே மனசாக ஒத்துக்கொண்டது என்றேன்.

“எங்கம்மா வாயை மூடிட்டு இருக்கற ஆளு இல்லீங்களே” என்றார்.

“பேசுனாங்கக்கா. நான்தான் எழுதலை.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தழைக்கட்டைப் பிரித்து ஆடுகளுக்கு முன்னால் உதறினார். கொஞ்ச நேரம் கழித்து, “என்ன பேசுனாங்க?” என்று கேட்டார். எனக்கு நினைவிருந்ததைச் சொன்னேன். கிழக்குப்பக்கம் இந்த வருசம், மேற்குப்பக்கம் அடுத்தது. அவர் ஆட்டின் முதுகில் கைவைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “அது எப்பவும் நடந்ததுதானுங்களே. எங்க ஆயா காலத்துல அப்பிடித்தான் மேச்சாங்களாம்” என்றார்.

அடுத்த வகுப்பில் அந்த மாணவியின் கேள்விக்கு விடை சொன்னேன். ஒத்துக்கொள்ளாதவர் சொன்னதை, அவர் சொன்ன காரணத்தோடும், அவர் முன்வைத்த மாற்று யோசனையோடும், தீர்மானத்துக்கு மேலேயே எழுத வேண்டும். அது விவாதிக்கப்பட்டதா, இல்லையா என்பதையும் எழுத வேண்டும் என்றேன். பாடநூலில் அப்படி இல்லையே என்றாள். இல்லைதான் என்றேன்.

குயர் நோட்டின் அந்தப் பக்கத்தில், தீர்மானத்துக்கு மேலே சிறிது இடம் இருந்தது. அன்றைய தேதியிட்டு இதை எழுதிவைத்தேன்:

‘உறுப்பினர் ஒருவர், கரட்டின் கிழக்குச் சரிவை முதலில் மூடி மேற்குச் சரிவை மேய்ச்சலுக்கு விடலாம் என்றும், செடிகள் வளர்ந்தபின் முறைமாற்றிக்கொள்ளலாம் என்றும் கூறினார். பதினான்கு ஆடுகளைத் தவிர அவருக்கு வேறு வாழ்வாதாரம் இல்லை. அவர் கூறியது விவாதிக்கப்படவில்லை.’